நோக்கேற்றம்: ஒரு சொல் முன்மொழிவு

> "உள்நோக்கச் சார்பு" என்று வைத்துக்கொள்ளலாமே. மூடநம்பிக்கை என்ற தலைப்பின் கீழ் சேர்த்துவிடலாம்.

வணக்கம் ஐயா. நடந்த ஒன்றைச் சான்று பார்க்காமலே யாரோ வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளும் மனப்போக்குக்கு அகராதியில் என்ன சொல் வைப்பது என்பதுதான் கேள்வி. நீங்கள் சொன்ன சொல், தலைப்பு இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. சார்பு என்றால் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடத்தில் வரும் சார்புதான் முதலில் நினைவுக்கு வரும். சாய்வு என்று மாற்றினாலும் அதே சிக்கல், அதுவும் கோட்டின் சாய்வாகக் கணக்கில் இருக்கிறது. மூடநம்பிக்கை என்பதோ நம்புகிறவரைத் திட்டும் சொல்.

சதிக்கதைகளை நம்புவது பற்றிய உளவியல் பேசுவது எல்லார் மனத்திலும் நடக்கிற ஒன்றை. 1944இல் ஹைடர், சிம்மல் என்ற உளவியலாளர்கள் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் நகரும் சிறு படத்தைக் காட்டி, என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார்கள். 34 பேரில் ஒருவர்தான் வடிவங்கள் நகர்ந்ததாக மட்டும் எழுதினார். மற்றவர்கள் அவற்றை உயிருள்ளவையாகக் கண்டார்கள்; பலர் துரத்தியது, தப்பியது என்று கதையே எழுதிவிட்டார்கள். 2015இல் பிரதர்ட்டன், ஃபிரெஞ்சு என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இரண்டு விதமாகவும் கொள்ளக்கூடிய செயல்களை 'வேண்டுமென்றே செய்தது' என்று எடுத்துக்கொள்ளும் போக்கும் சதிக்கதை நம்பிக்கையும் சேர்ந்தே காணப்பட்டன.

இதற்கு வேர் நம்மிடமே இருக்கிறது: தற்குறிப்பேற்ற அணி. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைவது, கோவலனை வரவேண்டாம் என்று கைகாட்டுவதாகத் தெரிகிறது. பள்ளியில் எல்லாரும் படித்ததுதான். இயல்பாக நடப்பதன் மேல் ஒரு நோக்கத்தை ஏற்றுகிறார் கவிஞர், தெரிந்தே. நாம் அதையே அறியாமல் செய்கிறோம். குறிப்பேற்றம் என்று வைக்கலாம், ஆனால் இன்று குறிப்பு என்றால் நோட்ஸ். ஆகவே நோக்கேற்றம். 'அதில் நோக்கேற்றாதே' என்று வினையாகவும் வரும்.

எங்கள் பாம்பன் பக்கம் வைத்துப் பார்ப்போம். விடியற்காலையில் இழுத்த வலை கிழிந்து வருகிறது. பாரில் (கடலடிப் பாறையில்) மாட்டியிருக்கலாம், யாராவது வெட்டியும் இருக்கலாம். "அறுந்துபோச்சு", "அறுத்துட்டாங்க" என்று நம் வினைச்சொல்லே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. அறுபட்ட இடத்தைப் பார்க்காமலே இரண்டாவதற்குத் தாவுவது நோக்கேற்றம்.

ஆனால் வடகடலில் (பாக் விரிகுடாப் பக்கம்) வலையை வெட்டிவிட்டார்கள் என்று மீனவர்கள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லி வருகிறார்கள். கண்ணால் பார்த்தவரின் புகார் மேல் இந்தச் சொல்லை ஒட்டிவிடக் கூடாது. அதனால் வரையறையில் 'போதிய சான்று இல்லாமல்' என்பது கட்டாயம் வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது இல்லையென்றால், முறையிட வருகிறவரின் வாயை அடைக்கவே இந்தச் சொல் பயன்படும்.

அகராதிக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

நோக்கேற்றம்: போதிய சான்று இல்லாமல், நடந்த ஒன்றை யாரோ வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளும் மனப்போக்கு.

'உள்' என்பதை வேண்டுமென்றேதான் விட்டேன். செய்தித்தாள் தமிழில் உள்நோக்கம் என்றாலே கெட்ட நோக்கம். 'கடலம்மா கொடுத்தாள்' என்று வலை நிறைய மீன் பட்டதற்கும் நோக்கம் ஏற்றுகிறோம் அல்லவா, அதுவும் இதில் அடங்க வேண்டும். வரையறையில் திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.