பேத்தியின் பகுதி தொய்கிறது, யோசனை சொல்லுங்கள்

இங்கிலாந்தில் 1865 முதல் 1920 வரை நீளும் மூன்று தலைமுறைக் காதல் நாவலுக்கு உதவி தேவை.

பாட்டி ஒரு கைம்பெண். நூற்பாலை அவள் கையில். மணமான பெண்களுக்குச் சொத்துரிமை தந்த 1882 சட்டத்துக்கு முன்பு, திருமண ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வைக்காமல் மறுமணம் செய்தால், ஆலையின் பிடி கணவனிடம் போய்விடும். ஆக, நேசிப்பவனிடம் 'சரி' என்று சொல்வதே பெரும் பணயம். இந்த வகைக் கதைகளின் ஈர்ப்பே அதுதான்: நாயகியின் துணிவுக்கு ஒரு விலை உண்டு.

பேத்திக்கு அந்தத் தடை இல்லை. வாய்த்துடுக்கைக் கூட்டினால் போதாது. இழக்க ஏதுமில்லாத துணிவில் வாசகருக்குப் பதைப்பு வராது. 1919இல் காதலுக்காக அவள் எதைப் பணயம் வைக்கலாம்? வேலையையா, பங்குரிமையையா?

இன்னொன்று: தலைமுறை மாறும்போது பாட்டியை உயிரோடு வைத்திருந்தால் பேத்தியின் கதை அமுங்கிப்போகுமா?