ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோல்: ஃபில்டரும் எக்ஸாஸ்ட்டும் மாற்றினால் வேகம் கூடுமா?

வளைவுச்சாலை:
2018 ஸ்விஃப்ட், கே12எம் இன்ஜின், மேனுவல் கியர். கம்பெனிக் கணக்கு 83 பிஎஸ் பவர், 113 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை). 25,000 ரூபாய்க்குள் கோன் ஃபில்டர் (பெட்டியில்லாத கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்), ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் (தடை குறைந்தது), இரிடியம் ஸ்பார்க் ப்ளக் மூன்றும் போட்டால் 8 முதல் 10 பிஎஸ் ஏறும் என்று கடைகளில் சொல்கிறார்கள். ஏறுமா?

கருவிப்பெட்டி:
ஏறாது. கணக்குப் போட்டாலே தெரியும். 1197 சிசி நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 6000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 3,600 லிட்டர். சுத்தமான காகித ஃபில்டருக்கு இது பெரிய காற்றே இல்லை. அது 1 கிலோபாஸ்கல் அழுத்தத்தைத் தின்கிறது என்றே வையுங்கள். வெளியே இருப்பது 100 கிலோபாஸ்கல். ஃபில்டரே இல்லாமல் ஓட்டினாலும் மிச்சமாவது ஒரு சதவீதம், அதாவது முக்கால் பிஎஸ் சொச்சம்.

கோன் ஃபில்டரில் நஷ்டமே வரலாம். கம்பெனி ஏர்பாக்ஸ் முன் கிரில் பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. கோன் பானட்டுக்குள் ரேடியேட்டர் சூட்டைக் குடிக்கும். 35 டிகிரிக்குப் பதில் 65 டிகிரிக் காற்று போனால் அடர்த்தி 9 சதவீதம் குறையும். பவர் அதே அளவு விழாவிட்டாலும், ஃபில்டரில் கிடைத்த ஒரு சதவீதத்தை இது பல மடங்காகத் தின்றுவிடும். சூடான காற்றில் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது) வந்தால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு, ப்ளக் பொறி விடும் டைமிங்கை வேறு பின்னுக்கு இழுக்கும்.

இரிடியம் ப்ளக் அதிக நாள் உழைக்கும், அவ்வளவுதான். பழைய ப்ளக் மிஸ்ஃபயர் ஆகாதவரை புது ப்ளக்கால் பவர் வராது.

ரெட்லைன்6500:
மோசமா மாட்டின கோன் ஃபில்டரை வெச்சு எல்லா மாற்றத்துக்கும் தீர்ப்பு சொல்றீங்க. ஹீட் ஷீல்டு போட்டு, வெளிக்காற்றுக்கு டக்ட் இழுத்தா அந்த 65 டிகிரிப் பிரச்சினையே கிடையாது. கம்பெனி எக்ஸாஸ்ட் சத்தத்துக்காக, விலைக்காக, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சீக்கிரம் சூடாகணும்னு சமரசம் பண்ணிச் செய்றது. அந்தச் சமரசத்துக்குள்ள பவர் ஒளிஞ்சிருக்கு. 4-2-1 ஹெட்டர் (நாலு சிலிண்டரோட புகைக் குழாய் ரெண்டாகி, பிறகு ஒண்ணா சேர்றது), அளவான பைப், அதுக்கு ஏத்த ரீமேப் (ஈசியு டேபிளை மாத்தி எழுதறது), மூணும் சேர்ந்தா டர்போ இல்லாத இன்ஜின்லயும் 5 முதல் 8 சதவீதம் கிடைக்கும். தனித்தனியா போட்டுப் பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னு சொல்றது நியாயமில்லை.

கருவிப்பெட்டி:
நீங்கள் சொல்வது ரீமேப்போடு சேர்ந்த முழு செட். கேள்வி அதுவல்ல. ரீமேப் இல்லாவிட்டால் ஃபுல் த்ராட்டிலில் ஈசியு பழைய டேபிளைப் பார்த்துத்தான் பெட்ரோலும் டைமிங்கும் கொடுக்கும். அடுத்து, இந்த இன்ஜினில் கேட் (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டியே இருக்கிறது. ஹெட்டர் போட வேண்டுமானால் கேட்டை நகர்த்த வேண்டும், அல்லது கழற்ற வேண்டும். கழற்றினால் பின்னாலிருக்கும் ஆக்சிஜன் சென்சார் கண்டுபிடித்து பி0420 கோடு போட்டு இன்ஜின் விளக்கை எரியவிடும். புகைச் சோதனையிலும் மாட்டும். ஆர்சி விவரத்துக்கு மாறாகக் கம்பெனி அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னதையும் மறக்க வேண்டாம். விபத்து க்ளெய்மில் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இதைத்தான்.

வெறும் எண்ட் கேன் (கடைசி சைலன்சர்) மாற்றினால் சத்தம் மாறும். தேவைக்கு மேல் அகலமான பைப் போட்டால் வாயு வேகம் குறைந்து, ஊருக்குள் நாம் பயன்படுத்தும் 2000 ஆர்பிஎம்மில் இழுவை மந்தமாகும். சத்தம் கூடியதை வேகம் கூடியதாக எடுத்துக்கொள்வது மனித இயல்பு.

மழைக்கால ஓட்டி:
டக்ட் இழுக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குளிர்ந்த காற்று வேண்டுமென்று ஃபில்டரை பம்பருக்குள் கீழே இறக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் வேளச்சேரி மாதிரிப் பகுதியில் முழங்கால் தண்ணீரில் இறங்கினால் இன்ஜின் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். கம்பெனிக்காரன் இன்டேக் வாயை உயரத்தில் வைத்திருப்பது காரணத்தோடுதான்.

பிட்லேன்:
வேகம் என்றால் பிஎஸ் மட்டும் இல்லை. இந்தக் கார் சுமார் 875 கிலோ, ஓட்டுநரோடு 950. பின்னால் 20 கிலோ சப்வூஃபர் பெட்டி இருந்தால் அதை இறக்குங்கள், பைசா செலவில்லாமல் 2 சதவீதம். 17 அங்குல அலாய் போட்டு சக்கரத்துக்கு 3 கிலோ கூடினால் நாலுக்கும் 12 கிலோ. சுழலும் எடை என்பதால் முடுக்கத்தில் அது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகத் தெரியும்.

இருங்காட்டுக்கோட்டை மாதிரி டிராக்கில் லேப் நேரம் குறைய, 185/65 ஆர்15 அளவிலேயே நல்ல பிடிமானமுள்ள டயர், நல்ல பிரேக் பேடு, புது டாட் 4 பிரேக் ஆயில் போதும். டாட் 4 புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம், பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ரெட்லைன்6500:
பிரேக்ல உங்களோட சண்டை இல்லை. ஆனா போல்ட்-ஆன், அதாவது வெளியில வாங்கி மாட்டுற பாகம், எல்லாமே வேஸ்ட்ங்கிற மாதிரி பொதுவா எழுதாதீங்க. டர்போ வண்டியில கணக்கே வேற. போலோ 1.2 டிஎஸ்ஐ 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர். பூஸ்ட்டை (டர்போ தர்ற காற்றழுத்தத்தை) ஈசியு முடிவு பண்றதால வெறும் ரீமேப்லயே நல்லா ஏறும். அதுல இருக்கிற டிக்யூ200 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோட வரம்பு 250 நியூட்டன் மீட்டர், அதுக்குள்ள நிறுத்திக்கணும்.

கருவிப்பெட்டி:
டர்போவில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்விஃப்ட்காரர் அதை நம்பி ஃபில்டர் வாங்கக் கூடாது. வாங்கும் முன் ஒரு சோதனை. மேப் சென்சார் (இன்டேக் காற்றழுத்தத்தை அளப்பது) உள்ள கார்களில் ஓபிடி டாங்கிள் (ஈசியு எண்களை ஃபோனில் காட்டும் கருவி) மாட்டி, இன்ஜின் ஓடாமல் சாவியை ஆன் செய்து அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டாம் கியரில் ஃபுல் த்ராட்டில், 6000-ல் என்ன காட்டுகிறது? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஃபில்டர், பைப், த்ராட்டில் எல்லாம் சேர்ந்த தடை. 3 கிலோபாஸ்கல் என்று வந்தால், அதற்குள் ஏதோ ஒரு பகுதியைத்தான் ஃபில்டர் உங்களுக்குத் திருப்பித் தர முடியும். இன்டேக் வெப்பநிலையையும் அதே திரையில் பாருங்கள்.

வளைவுச்சாலை:
மாற்றிய பிறகு 0–100 நேரம் எடுத்துப் பார்த்தால் போதாதா?

பிட்லேன்:
போதாது. 12 விநாடி எடுக்கும் காரில் 1 சதவீதம் என்பது 0.12 விநாடி. கிளட்சை விடும் விதத்திலேயே அதைவிட அதிகம் மாறும். மூன்றாம் கியரில் 60–100 எடுங்கள், ஜிபிஎஸ் கருவியில், மூடிய தடத்தில். போகும்போது மூன்று, திரும்பும்போது மூன்று, சராசரி. டயர் காற்று, டேங்க் அளவு, நேரம் மாறக் கூடாது. மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று எடுத்தால் காற்றின் குளிர்ச்சியைத்தான் அளப்பீர்கள்.

ரெட்லைன்6500:
60–100 சரி. கூடவே 3000 முதல் 5000 ஆர்பிஎம் வரை ஏற எடுக்கிற நேரத்தையும் தனியா குறிங்க. ஹெட்டரோட பலன் நடுவுலதான் இருக்கும், உச்சியில இல்லை. உச்ச பிஎஸ்ஸை மட்டும் பார்த்து வேண்டாம்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன்.