மறு: ஸ்கோப் ரிங், மவுண்ட் – ‘வளையம்’ வேண்டாம், ‘பூண்’ என்போம்

நண்பர்களே, வணக்கம்.

கனடாவில் மான் வேட்டைக்குப் போகும் நம் நண்பர், அங்குள்ள தமிழ் வேட்டைக்காரர்களுக்காகக் கையேடு எழுதுகிறார். ரைபிளின்மேல் ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, பூட்டும் ரிங்குக்கும் மவுண்டுக்கும் தமிழ்ச் சொல் கேட்டிருந்தார். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டைக்கு வழியில்லை. இங்கே தில்லியில் துக்ளகாபாத் சுடுதளத்துக்குப் போகிறேன் என்றாலும், போட்டி ரைபிளில் ஸ்கோப் வைக்க விதி இடம் தராது. என் ஸ்கோப் பழக்கமெல்லாம் சொந்த ஸ்பிரிங் ஏர் ரைபிளில்தான். ஆனால் பூட்டும் வேலை வேட்டை ரைபிளுக்கும் அதற்கும் ஒன்றே என்பதால் எழுதுகிறேன்.

> ரிங் என்றால் வளையம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. ஒரு ஸ்கோப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு வளையம். கண்ணருகே, குறுக்குக்கோடு தெளிவாகத் தெரிவதற்கு இன்னொன்று. சில ஸ்கோப்புகளில் முன்லென்சைச் சுற்றி மூன்றாவதும் உண்டு. இவையெல்லாம் கைபட்டால் சுழல வேண்டியவை. நாம் பெயர் தேடுவதோ மயிரிழைகூட அசையக்கூடாத பொருளுக்கு. கையேட்டில் ‘வளையம் நகராமல் இருக்கிறதா பாருங்கள்’ என்று எழுதினால், படிப்பவர் எதைப் பிடித்துப் பார்ப்பார்?

உலக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நுனியில் மரத்தை இறுகக் கவ்வியிருக்கும் இரும்பு வளையத்தை யாரும் வளையம் என்று சொல்வதில்லை, பூண் என்கிறோம். கைத்தடிக்குப் பூண், யானைக் கொம்புக்குப் பூண். உருண்டு நீண்ட ஒன்றைச் சுற்றி இறுகப் பிடிப்பது பூண். ஸ்கோப்பின் குழாயும் உருண்டு நீண்டதுதான், 25.4 மி.மீ., 30 மி.மீ., 34 மி.மீ. என்று விட்டம் மாறும். ‘30 மி.மீ. பூண்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் உட்காருகிறது.

பூண் கழற்ற முடியாதது, இதுவோ இரண்டு பாதியாகத் திறப்பது, எனவே ‘விலங்கு’ என்று வைக்கலாம் என்றார் ஒரு நண்பர். பொருள் அருமையாகப் பொருந்துகிறது. ஆனால் வேட்டைக் கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் மானும் பன்றியும் வரும். ‘விலங்கைத் தளர்த்தி முன்னே நகர்த்துங்கள்’ என்ற வரியை அங்கே வைக்க முடியாது. திறப்பதைக் காட்ட அடிப்பூண், பூண்மூடி என்று பிரித்துக்கொள்வோம்.

இந்த மூடிதான் எனக்குப் பாடம் கற்பித்தது. நான்கு வருடம் முன்பு இங்கே ஒரு கடையில் ஸ்கோப்பைப் பூட்டிக்கொடுத்தார்கள். கடைக்காரர் வலப்பக்கத் திருகை முழுக்க முறுக்கிவிட்டுப் பிறகுதான் இடப்பக்கம் வந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால், மூடிக்கும் அடிப்பூணுக்கும் நடுவே வலப்பக்கம் ஒரு தாள்கூட நுழையவில்லை. இடப்பக்கம் நகம் நுழைகிறது. குறுக்குக்கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கழற்றினால், கறுப்புக் குழாயில் பூணின் விளிம்பு பதிந்து வெள்ளையாக ஒரு பிறை. விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்பட்டது. இரு பக்க இடைவெளியும் ஒரே அளவாக இருக்கும்படி, திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். மூடித் திருகுக்குப் பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்குவிசை போதும். ஆலன் சாவியைக் கைவலு கொண்ட மட்டும் திருகுவது ஸ்கோப்பைக் கொல்லும். அந்த இடைவெளிக்கும் கையேட்டில் ஒரு பெயர் வேண்டும், ‘பூண்வாய்’ என்பேன்.

அடுத்து மவுண்ட். ‘தாங்கி’ என்றால் பேரிங் நினைவுக்கு வருகிறது. தில்லி முனிர்க்காவில் எங்கள் சமையலறையில், அம்மா தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்த அரிவாள்மணை இன்னும் இருக்கிறது. அதில் வெட்டுவது அரிவாள், அதை அசையாமல் நிறுத்துவது மணை. ரைபிளின் முதுகில் திருகிவைத்து, அதன்மேல் பூணை ஏற்றும் அடிப்பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. ஒரே துண்டு ஒற்றைமணை. முன்னும் பின்னும் தனித்தனியே வைப்பது இரட்டைமணை. பூணும் மணையும் ஒரே வார்ப்பாக வந்தால் பூண்மணை.

> வீவர் ரெயிலுக்கு ‘நெசவுத்தடம்’ பொருந்துமா?

பொருந்தாது அம்மா. ரெயில் என்பது குறுக்கே வெட்டுகள் உள்ள மணை. வீவர் என்பது 1930இல் ஸ்கோப் செய்யத் தொடங்கிய வில்லியம் வீவர் என்ற அமெரிக்கரின் பெயர். இன்னொரு வகை ரெயிலான பிக்காட்டின்னியும் நியூ ஜெர்சியிலுள்ள படைக்கலச் சாலையின் பெயர். அந்த ரெயிலின் அளவுகள் 1995இல் அமெரிக்க ராணுவத் தரமாயின. பெயர்களை அப்படியே விட்டுவிடுவோம். மொழிபெயர்க்க வேண்டியது அவற்றிலுள்ள வெட்டுகளை. தச்சர் சொல்லும் ‘காடி’ இருக்கிறதே. பூணின் அடியிலுள்ள குறுக்குத்தண்டு இறங்கும் குறுக்குக்காடியின் அகலம் பிக்காட்டின்னியில் 5.23 மி.மீ., வீவரில் 4.57 மி.மீ. அதனால் வீவர் பூண் பிக்காட்டின்னி மணையில் உட்காரும். பிக்காட்டின்னி பூண் வீவர் காடிக்குள் இறங்காது. ஏர் ரைபிளிலும் .22 ரைபிளிலும் நீளவாக்கில் ஓடும் 11 மி.மீ. வெட்டு ‘சாய்காடி’. அதில் குறுக்குக்காடி இல்லாததால் பூண் வழுக்கும். ஸ்பிரிங் ரைபிள் முதலில் பின்னால் உதைத்து, உடனே முன்னாலும் இழுப்பதால் இன்னும் மோசம். அங்கே ஒரு தடையாணி தேவை.

கனடா நண்பர் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் பூணின் உயரம். சில நிறுவனங்கள் மணையின் மேற்பரப்பிலிருந்து குழாயின் மையம் வரை அளக்கின்றன. சில, குழாயின் அடி வரை மட்டும். 30 மி.மீ. குழாய்க்கு இந்த வேறுபாடே 15 மி.மீ. 50 மி.மீ. முன்லென்ஸ் உள்ள ஸ்கோப்பின் வாய் வெளியளவில் சுமார் 57 மி.மீ. இருக்கும், பாதி 28.5. ‘உயரம் 20’ என்று பெட்டியில் போட்டிருப்பது மைய அளவானால், மணையின் தடிமனைச் சேர்த்தாலும் லென்ஸ்வாய் ரைபிளின் சுடுகுழலில் முட்டக்கூடும். அடி அளவானால் மையம் 35இல் நிற்கும். தாராளமாக இடம் இருக்கும். ஆனால் ஸ்கோப் தேவைக்குமேல் உயர்ந்தால் கன்னம் ரைபிளின் கட்டையை விட்டு எழும்பி, ஒவ்வொரு முறையும் கண் வேறு இடத்தில் நிற்கும். ஆகவே வெறும் ‘பூண் உயரம்’ என்று எழுதவே கூடாது. ‘மைய உயரம்’, ‘அடி உயரம்’ என்று இரண்டு சொற்கள் கட்டாயம் வேண்டும்.

பூணின் உள்வளைவைத் தேய்ப்புப்பசை தடவிய உருளையால் தேய்த்து நேர்செய்வதற்குத்தான் இன்னும் சொல் கிடைக்கவில்லை. ‘உரசல்’ என்றால் பழுது மாதிரி ஒலிக்கிறது. ‘இழைத்தல்’ தச்சர் சொல். இரும்புக்குச் சொல்லலாமா தெரியவில்லை. கோவை லேத் பட்டறைகளில் இந்த வேலைக்கு என்ன பெயர்? அந்தப் பக்கத்து நண்பர்கள் யாராவது விசாரித்து எழுதுங்கள்.