துபாய் சங்கிலியும் திருப்பூர் பனியனும்: எங்கள் குடும்பக் குழுவில்

அம்மா: துபாயோடு ஒப்பந்தம் இருக்கிறதாமே, தங்கத்துக்கு வரி குறைவாம். வரும்போது நாலு பவுனில் ஒரு சங்கிலி வாங்கி வா கண்ணு.

அண்ணன் துபாய்: அம்மா, அந்தச் சலுகை என் பைக்குக் கிடையாது 😄 2022 மே 1 முதல் இருக்கும் சீப்பா (CEPA) எனும் இந்தியா–அமீரக வர்த்தக ஒப்பந்தம் அது. தங்கத்துக்கு ஒரு சதவீதம்தான் குறைப்பு, அதுவும் கோட்டா வாங்கிய இறக்குமதியாளர்களுக்கு. நான் கொண்டுவந்தால் 20 கிராமுக்கு மேல் வரி. நாலு பவுன் 32 கிராம் ஆச்சே.

அம்மா: உன் பெண்டாட்டி கழுத்தில் போட்டு அனுப்பு.

அண்ணன் துபாய்: பெண்களுக்கு 40 கிராம் வரம்பு, சரிதான். கழற்றித் தருவாளா என்று நீங்களே கேளுங்கள் 🙏

திருப்பூர் மாமா: பலன் எங்களுக்குத்தான் அக்கா. முன்பு நம் சரக்குக்கு அங்கே 5 சதவீத வரி. இப்போது ஒன்றுமில்லை. பீஸுக்குச் சில காசு லாபத்தில் ஓடுகிற தொழிலில் அது பெரிய தொகை.

நான்: சும்மாவே விட்டுவிடுவார்களா மாமா?

திருப்பூர் மாமா: எங்கே! ஒவ்வொரு ஷிப்மென்ட்டுக்கும் இந்தியச் சரக்குதான் என்று ஆன்லைனில் சர்டிபிகேட் எடுக்க வேண்டும். சரக்குக்குச் சுங்கக் கோடு எண்ணும் உண்டு: டி-ஷர்ட்டும் பனியனும் 6109, ஜட்டி 6107. கோடு மாறினால் வாங்கும் பார்ட்டி அங்கே வரி கட்டிவிட்டு நம் பில்லில் பிடித்துக்கொள்வார்.

அண்ணன் துபாய்: தங்கத்தில் நடந்த கூத்து தெரியுமா? 2 சதவீதம் பிளாட்டினம் கலந்தாலே பிளாட்டினம் கலவை, அதற்குச் சலுகை வரி. மிச்சமெல்லாம் தங்கமாகவே வைத்து இறக்கினார்கள் 😂 2025-இல் தனிக் கோடும் கட்டுப்பாடும் போட்டுத்தான் அடைத்தார்கள்.

பெரியப்பா: 2024-25-இல் இரு நாட்டு வர்த்தகம் 10,000 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் நாம் விற்றதைவிட வாங்கியதுதான் அதிகம். இதில் யாருக்கு லாபம்?

திருப்பூர் மாமா: எண்ணெயை எப்படியும் வாங்கத்தானே போகிறோம் மச்சான். விற்கிற வழியாவது திறந்ததே.

அண்ணன் துபாய்: பெரியப்பா, மாமாவின் கன்டெய்னர் கொச்சி வல்லார்பாடம் துறைமுகத்தில் ஏறினால் ஏற்றுவது துபாய் நிறுவனமான டிபி வேர்ல்ட். இங்கே ஜெபல் அலி துறைமுகத்தில் இறக்குவதும் அவர்களே. இரண்டு பக்கமும் கூலி துபாய்க்காரருக்கு.

பெரியப்பா: அதைத்தான் சொல்கிறேன் 😏

திருப்பூர் மாமா: நான் தூத்துக்குடியில்தான் ஏற்றுகிறேன், விடுங்கள். மாப்பிள்ளை, அங்கே நாயிஃப் கடைவீதிப் பக்கம் போனால் வெள்ளை ரவுண்ட் நெக் மொத்த விலை என்ன என்று பார். லேபிளையும் போட்டோ எடு, எந்த ஊர்ச் சரக்கு என்று தெரிய வேண்டும்.

அண்ணன் துபாய்: ஞாயிறு போகிறேன் மாமா 👍