பனி உருகும் நிறம் வாட்டர்கலரில் வரமாட்டேன் என்கிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. குளிர் விலகி வசந்தம் எட்டிப்பார்க்கும் நிலக்காட்சி ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறேன். முன்மாதிரி இரண்டு ரஷ்ய ஓவியங்கள்: சவ்ராசவ் 1871இல் வரைந்த ‘ரூக் பறவைகள் வந்துவிட்டன’ (ரூக் என்பது காக்கை இனப் பறவை), அவருடைய மாணவர் லெவிதான் 1895இல் வரைந்த ‘மார்ச்’. இரண்டும் மாஸ்கோ த்ரெத்யாகோவ் கேலரியில் உள்ளவை.

சவ்ராசவின் அழுக்குப் பனியும், மொட்டை பிர்ச் மரங்களில் பறவைக் கூடுகளும் என்னை விடுவதே இல்லை. லெவிதானிடம் வெயில் பட்ட மஞ்சள் சுவர், எதிரே பனிமேல் நீல நிழல். அந்த நீலம்தான் சிக்கல். அல்ட்ராமரின் என்ற அடர்நீலம் மட்டும் போட்டால் நடுக்குளிர்காலம் போல இறுகுகிறது. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு கொஞ்சம் சேர்த்தாலே சாம்பலாகிவிடுகிறது.

நான் வரைவது 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கோல்ட் பிரஸ் தாளில், அதாவது லேசான சொரசொரப்புள்ள தடித்த தாளில். பனியும் ஈரமண்ணும் சேரும் ஓரத்தை ஈரத்திலேயே கலக்கவிடுவதா, காய்ந்தபின் உலர் தூரிகையா? செய்து பார்த்தவர்கள் நிறக்கலவையோடு சொல்லுங்கள், படமும் போட்டால் பெரிய உதவி.