இடது கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பினால் மவுஸ் சக்கரம் செத்துப்போகிறது

குமுளி கணக்கன் எழுதியது:

வணக்கம். குமுளியில் ஒரு ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு கூடலூர். நீலகிரிக் கூடலூர் இல்லை, தேனிக் கூடலூர். எப்படியும் யாராவது கேட்பீர்கள். தினமும் லோயர் கேம்ப் தாண்டி மலையேறி வந்து, சாயங்காலம் இறங்கிப் போகிற ஆள்.

என் மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர். ஆனால் மானிட்டர் ஒன்று, கீபோர்டு ஒன்று, மவுஸ் ஒன்று. நடுவில் ஒரு ஸ்விட்ச் பாக்ஸ். அதன் பொத்தானை அமுக்கினால் இடது, மறுபடி அமுக்கினால் வலது. இடதில் விண்டோஸ்: பில், வரவு செலவு. வலதில் உபுண்டு: புற்றடி ஏலத்துக்கும் போடி ஏலத்துக்கும் போகிற லாட் பட்டியல், தோட்டக்காரர்களுக்கு எழுதும் கடிதம் எல்லாம் லிப்ரே ஆபீஸில். மவுஸ் பழசு. உருண்டை பிளக், பச்சைத் துளையில் செருகுவது.

காலையில் பாக்ஸை வலது பக்கம் வைத்து உபுண்டுவை ஏற்றினால் சக்கரம் ஜோராக உருளும். ஒரு பில் போடுவதற்காக இடதுக்குப் போய்த் திரும்பி வந்தேனா, போச்சு. சக்கரத்தை உருட்டினால் பட்டியல் நகராது. சில நேரம் அதைவிட மோசம்: அம்புக்குறி கீழ் மூலைக்கு ஓடிவிடும், தானாக மெனு திறக்கும், யாரோ பேய் பிடித்துக் கிளிக் பண்ணுகிற மாதிரி. மறுபடி ரீஸ்டார்ட். நேற்று ஒரு நாளில் ஆறு தரம். முதலாளி கோட்டயத்துக்காரர். எட்டிப் பார்த்து, "எந்தா, மௌஸு சத்துபோயோ?" என்றார். இடது பக்கம் அது உயிரோடுதான் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

சீசன் நேரத்தில் ஒரு பட்டியல் நானூறு வரிசை வரும். ஓரத்துக் கம்பியை இழுத்து இழுத்து மணிக்கட்டு வலிக்கிறது. பேஜ் டவுன் அமுக்கினால் நான் பார்க்க வேண்டிய லாட்டைத் தாண்டிக் குதிக்கிறது.

இன்னும் இரண்டு சில்லறைத் தொல்லை. ஒன்று, சக்கரம் வேலை செய்கிறபோதும் கீழே உருட்டினால் நடுவில் ஒரு தரம் மேலே துள்ளுகிறது. இது இரண்டு கம்ப்யூட்டரிலும் உண்டு. இன்னொன்று, கடிதம் எழுதும்போது சக்கரத்தில் விரல் கொஞ்சம் அழுந்தினால் முன்னால் செலக்ட் பண்ணின வரி திடீரென்று நடுவில் வந்து விழுகிறது. போன வாரம் "அன்புள்ள ஐயா" என்பது ஒரே கடிதத்தில் மூன்று இடத்தில் இருந்தது. தோட்டக்காரர் போன் பண்ணிச் சிரித்தார்.

ஒரு வேண்டுகோள். போனில் தமிழ்க் கீபோர்டில்தான் படிக்கிறேன், எழுதுகிறேன். கமாண்டு சொன்னால் போனில் எழுத்துக் கூட்டுகிற மாதிரிச் சொல்லுங்கள்.

நகரி தறிக்காரன் எழுதியது:

செட்டிங்ஸில் மவுஸ் பக்கம் போய் நேச்சுரல் ஸ்க்ரோலிங் என்பதை மாற்றிப் பாருங்கள் அண்ணா. எனக்கு அதில்தான் சரியானது. பேரன் எதையோ தொட்டுவிட்டான், ஒரு வாரம் எல்லாம் தலைகீழாக உருண்டது.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார் எழுதியது:

தறிக்காரர் சொன்னது திசையை மட்டும் மாற்றும். இவருக்குச் சக்கரமே போகிறது, அதுவும் பாக்ஸ் மாற்றினால் மட்டும். எங்கள் பள்ளி லேபில் எல்லாம் லினக்ஸ்தான், உங்கள் உபுண்டுவும் அதில் ஒரு வகை. பழைய பாக்ஸ் ஒன்றோடு நானும் இதே பாடு பட்டிருக்கிறேன்.

சார், உங்கள் மவுஸ் பேசுவது 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த பிஎஸ்-2 முறை. அப்போது மவுஸுக்குச் சக்கரமே கிடையாது. ஒவ்வொரு அசைவுக்கும் மூன்று பைட், அதாவது மூன்று சின்னத் தகவல் துண்டு, அனுப்பும்: பொத்தான், குறுக்கு நகர்வு, மேல்கீழ் நகர்வு. 1996இல் மைக்ரோசாஃப்ட்டின் இன்டெல்லிமவுஸ் சக்கரத்தோடு வந்தபோது அதற்காக நாலாவது பைட் ஒன்றைச் சேர்த்தார்கள். பழைய கம்ப்யூட்டர் குழம்பக் கூடாதே, அதனால் கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு ரகசியத் தட்டு வைத்தார்கள். மவுஸ் தகவல் அனுப்பும் வேகத்தை நொடிக்கு 200, 100, 80 தரம் என்று அதே வரிசையில் மாற்றச் சொன்னால், "ஓஹோ, இவனுக்குச் சக்கரம் தெரியும்" என்று மவுஸ் புரிந்துகொண்டு தன் அடையாள எண்ணை 0இலிருந்து 3 ஆக்கும். அதன் பிறகுதான் நாலு பைட்டாக அனுப்பும். பக்கவாட்டுப் பொத்தான் உள்ள மவுஸுக்கு 200, 200, 80 என்று இன்னொரு தட்டு. அதற்கு எண் 4.

இந்தப் பேச்சுவார்த்தை நடப்பது ஏற்றும்போது ஒரே ஒரு தரம். நீங்கள் இடதுக்குப் போனதும் விண்டோஸ் அதே மவுஸோடு தன் கணக்கில் பேசிவிடுகிறது, அல்லது நடுவில் இருக்கும் பாக்ஸ் மவுஸைப் பழையபடி மூன்று பைட்டுக்குத் தள்ளிவிடுகிறது. உபுண்டுவுக்கு அது தெரியாது. உங்கள் கடையில் ஒருவர் மூன்று மூன்று மூட்டையாக இறக்க, எழுதுகிறவர் நாலு நாலாகக் கோடு போட்டால் என்ன ஆகும்? அதுதான் உங்கள் பேய். உபுண்டு சக்கரத்தின் பைட் என்று நினைத்து அடுத்த பொத்தான் பைட்டைப் படிக்கிறது, அதற்கப்புறம் வரும் நகர்வு பைட்டைப் பொத்தான் என்று படிக்கிறது, கிளிக் தானாக நடக்கிறது.

முதலில் இதுதானா என்று பாருங்கள். சக்கரம் செத்ததும் கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அமுக்கினால் கமாண்டு அடிக்கும் டெர்மினல் திறக்கும். அதில் சூடோ (எஸ் யு டி ஓ), இடைவெளி, டி எம் இ எஸ் ஜி என்று அடியுங்கள். கடைசி வரிகளில் பிஎஸ்மவுஸ் என்ற பெயரோடு "லாஸ்ட் சிங்க்ரனைசேஷன்" என்று இருந்தால் சந்தேகமே இல்லை.

ரீஸ்டார்ட் வேண்டாம். சூடோ, இடைவெளி, மாட்ப்ரோப் (எம் ஓ டி பி ஆர் ஓ பி இ), இடைவெளி, மைனஸ் ஆர், இடைவெளி, பிஎஸ்மவுஸ் (பி எஸ் எம் ஓ யு எஸ் இ, சேர்த்து). அம்புக்குறி உறைந்துவிடும், பயப்பட வேண்டாம். கீபோர்டுக்கு வேறு டிரைவர், அது வேலை செய்யும். அப்புறம் அதே வரியை மைனஸ் ஆர் இல்லாமல் அடியுங்கள். மவுஸோடு பேச்சுவார்த்தை புதிதாக நடக்கும், சக்கரம் எழுந்துவிடும்.

நிரந்தரமாக வேண்டுமென்றால்: பல பழைய பாக்ஸுகளுக்கு 200, 100, 80 தட்டுதான் தெரியும், அடுத்த தட்டு தெரியாது. உபுண்டு அந்த அடுத்ததைத்தான் விரும்பிக் கேட்கும். அதை அடக்க வேண்டும். இடிசி போல்டருக்குள் மாட்ப்ரோப் புள்ளி டி என்று ஒரு போல்டர் இருக்கும். அதில் பிஎஸ்மவுஸ் புள்ளி சிஓஎன்எஃப் என்று ஒரு பைல் உண்டாக்கி, ஒரே வரி: ஆப்ஷன்ஸ், இடைவெளி, பிஎஸ்மவுஸ், இடைவெளி, ப்ரோட்டோ (பி ஆர் ஓ டி ஓ) சமம் ஐஎம்பிஎஸ். ஐஎம்பிஎஸ் என்பது அந்த 200, 100, 80 முறையின் பெயர். சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி கூடாது. பிறகு சூடோ, அப்டேட் மைனஸ் இனிட்ராம்எஃப்எஸ், இடைவெளி, மைனஸ் யு. ஒரு தரம் ரீஸ்டார்ட். ஐஎம்பிஎஸ்க்குப் பதில் பேர் (பி ஏ ஆர் இ) என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், சக்கரமே இல்லாத மவுஸாக ஆகிவிடும்.

வரி தானாக விழுவது பழுது இல்லை. லினக்ஸில் செலக்ட் பண்ணினதை நடுப் பொத்தான் ஒட்டும், சக்கரத்தை அழுத்துவதும் நடுப் பொத்தான்தான். லிப்ரே ஆபீஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், வியூ போனால் மிடில் மவுஸ் பட்டன் என்று இருக்கும். நோ ஃபங்ஷன் வையுங்கள்.

செங்கோட்டை சர்வீஸ் எழுதியது:

சார் சொன்னது சரி. துள்ளுவதற்கு நான் சொல்கிறேன், அது செட்டிங்ஸில் தீராது. இரண்டு கம்ப்யூட்டரிலும் துள்ளுகிறது என்றால் மவுஸுக்குள்தான் அண்ணாச்சி.

கீழே வழுக்குகிற பட்டை ஒட்டியிருக்கும், ஸ்க்ரூ அதற்கடியில் ஒளிந்திருக்கும். கழற்றிப் பாருங்கள். சக்கரம் இரண்டு வகை. உங்களுடைய காலத்து மவுஸில் பெரும்பாலும் சக்கரத்தில் ஜன்னல் ஜன்னலாக வெட்டியிருக்கும். ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒளி, மறுபக்கம் அதைப் பார்க்கும் இரண்டு கண். எந்தக் கண் முதலில் பார்க்கிறதோ அதை வைத்துத்தான் மேலா கீழா என்று முடிவு. ஜன்னலில் ஒரு நார் மாட்டினால் முதல் கண் தவறவிடும், திசை குழம்பும், துள்ளும். புது மவுஸில் ஒளிக்குப் பதில் என்கோடர் என்று ஒரு சின்னப் பெட்டி, உள்ளே தகடு உரசும். தேய்ந்தால் அதை மாற்ற வேண்டியதுதான். 7 மில்லி, 9 மில்லி, 11 மில்லி என்று உயரம் பார்த்து வாங்க வேண்டும்.

ஜன்னல் வகையானால் பிரஷ்ஷும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். சிரிக்கவேண்டாம், ஆரியங்காவு தாண்டி வந்த மவுஸ் ஒன்றில் பார்த்திருக்கிறேன். வாசனையாக இருந்தது.

குமுளி கணக்கன் எழுதியது:

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், கரண்ட் படுத்திவிட்டது.

வாத்தியார் சார், அந்த லாஸ்ட் சிங்க்ரனைசேஷன் வரி பத்துப் பன்னிரண்டு தரம் வரிசையாக இருந்தது. மைனஸ் ஆர் அடித்ததும் அம்புக்குறி உறைந்தபோது வயிற்றில் புளி கரைத்தது. அடுத்த வரியில் உயிர் வந்தது. அப்புறம் ஐஎம்பிஎஸ் வரி. முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. பார்த்தால் சமக்குறிக்கு முன்னால் ஒரு இடைவெளி விட்டிருந்தேன், நீங்கள் சொல்லியும். திருத்தி ஏற்றினேன். இன்று காலையிலிருந்து இடதும் வலதுமாக இருபது தரமாவது போய் வந்திருப்பேன், சக்கரம் ஒரு தரம்கூட நிற்கவில்லை. "அன்புள்ள ஐயா"வும் ஒரே இடத்தில் இருக்கிறது.

சர்வீஸ் அண்ணாச்சி, ஜன்னல் வகைதான். சாக்கை விரித்து அதன் மேல் வைத்துக் கழற்றினேன். ஜன்னலுக்குள் சாக்கு நார் ஒன்று சுற்றிக்கொண்டு, கூடவே ஏலக்காய்த் தோல் தூசி. மூடியைத் திறந்ததும் மவுஸுக்குள்ளிருந்து ஏல வாசனை வந்தது. உங்கள் தேங்காய் எண்ணெய்க்கு இது தேவலாம். துள்ளல் சுத்தமாக நின்றுவிட்டது. மில்லி பார்த்து வாங்குவதா, அது எங்கள் தொழில், ஏலக்காயில் 7 மில்லியும் 8 மில்லியும் கண்ணாலேயே சொல்லிவிடுவேன், வாய்ப்புத்தான் அமையவில்லை.

ஆனால் ஒன்று. சக்கரம் முன்பு கடக் கடக் என்று பிடித்துப் பிடித்து உருளும். இப்போது வெண்ணெய் மாதிரி சத்தமில்லாமல் சுற்றுகிறது. விரலை எடுத்தாலும் பட்டியல் இரண்டு வரி ஓடுகிறது. எதையாவது விட்டுவிட்டேனா?

செங்கோட்டை சர்வீஸ் எழுதியது:

கம்பி. கொண்டை ஊசியில் பாதி அளவு, வளைந்த மெல்லிய ஸ்பிரிங் கம்பி ஒன்று சக்கரத்தின் பல்லில் உட்கார்ந்திருக்கும். அதுதான் கடக் கடக். மூடியைத் திறக்கும்போது தெறித்திருக்கும். விரித்த சாக்கை உதறிவிடாதீர்கள்.

குமுளி கணக்கன் எழுதியது:

அந்தச் சாக்கில் மத்தியானமே காய் நிரப்பி விட்டார்கள் அண்ணாச்சி. பையனை விட்டுக் கொட்டிச் சலிக்கச் சொல்லியிருக்கிறேன். முதலாளி எதற்கென்று கேட்டார், கிரேடு சரிபார்க்கிறோம் என்றேன்.

கிடைத்துவிட்டது. எட்டு மில்லிச் சல்லடையில் நின்றது.