22க்யூ11.2 நீக்கம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் இருக்கிறீர்களா?

அனைவருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு ஆறு வயது. ஃபேலோ டெட்ராலஜி என்ற பிறவி இதயக் கோளாறுக்குக் கைக்குழந்தையிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. இதயம் இப்போது நன்றாக இருக்கிறது. ஆனால் பேச்சு மூக்கு வழியாகத்தான் வருகிறது. 'பாப்பா' என்று அவள் சொன்னால் 'மாம்மா' என்றே கேட்கும். பாலும் சில நேரம் மூக்கில் ஏறிவிடும். எண்களில் மிகவும் திணறுகிறாள்.

புதிதாகப் பார்த்த மருத்துவர் இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து மரபணுச் சோதனை எழுதினார். 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லையாம்; இதைத்தான் 22க்யூ11.2 நீக்கம் என்கிறார்கள். இதனால் கால்சியமும் நோய் எதிர்ப்புச் சக்தியும் குறையலாம், பதின்பருவத்தில் மனநலத்தையும் கவனிக்க வேண்டும் என்றார். இதயம் சரியானால் எல்லாம் முடிந்தது என்று இத்தனை வருடம் எங்களிடம் யாரும் வேறு பேச்சே எடுக்கவில்லை!

வீட்டில் இப்போது 'யார் வழியில் வந்தது' என்ற விசாரணை வேறு. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு இது புதிதாகவே ஏற்படுகிறது என்று சொல்லியும் மாமியார் நம்பவில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் அடுத்த குழந்தைக்கு 50 சதவீத வாய்ப்பு என்பதால் நாங்கள் இருவரும் சோதனை செய்துகொள்ளப் போகிறோம்.

எனக்குத் தெரிய வேண்டியவை: தென்மாவட்டங்களில் மரபணு ஆலோசனை எங்கே கிடைக்கும்? மூக்கு வழிப் பேச்சுக்காக அண்ணத்துக்கு (வாயின் மேற்பகுதி) அறுவை செய்த பிறகு பேச்சு எவ்வளவு தெளிந்தது? கால்சியம் பரிசோதனையை எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை செய்கிறீர்கள்? பள்ளியில் இதை எப்படிச் சொன்னீர்கள்? வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.